எட்டும் எட்டும் நாலு

டன்லப் ஸ்ட்ரீட், சிங்கப்பூர்
4-9-1966

அன்புள்ள அத்தானுக்கு,

ரத்தினம் எழுதுவது. நானும் தம்பி அழகப்பனும் இங்கே சுகம். உங்கள் இருமல் என்ன ஆயிற்று? முந்தின கடிதத்தில் இருமல் என்றீர்கள், அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. போய்விட்டதா, கூடவே குடியிருக்கிறதா என்று ஒரு வரி எழுதினால் கை ஒன்றும் வலித்துவிடாது.

இங்கே புதிதாக ஒரு தலைவலி. புருணைக்குக் கப்பல் ஏறுமுன் அடுப்படியில் உட்கார்ந்து கிட்டார்ச் சத்தத்தைப் பெருக்கிக் காட்டுகிற பெட்டி ஒன்று செய்தீர்களே, அதை வைத்துத்தான் அழகப்பனும் அவன் கூட்டாளிகளும் சனிக்கிழமைதோறும் நம் வீட்டில் பழகுகிறார்கள். அவன் தங்கியிருக்கும் செம்பவாங் குவார்ட்டர்ஸில் வாசிக்க விடுவதில்லை. வேலை முடிந்ததும் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்துவிடுகிறான். பிடோக்கில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். திறந்த வெளி, பெட்டியில் இருக்கும் ஒரு ஸ்பீக்கர் எடுபடாது என்று சுங்கை ரோட்டுச் சந்தையில் இன்னொன்று வாங்கி வந்திருக்கிறான். வாங்கியவனுக்கு அதை எங்கே மாட்டுவதென்று தெரியவில்லை.

பெட்டிக்குப் பின்னால் மூன்று துளை இருக்கிறது. 4, 8, 16 என்று நீங்களே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறீர்கள். இப்போது ஒயர் 8-இல் இருக்கிறது. பழைய ஸ்பீக்கர் முதுகில் 8 ஓம், புது ஸ்பீக்கர் முதுகிலும் 8 ஓம். ஓம் என்பதை நான் கோயிலில்தான் கேட்டிருக்கிறேன். "எட்டும் எட்டும் பதினாறுக்கா, பதினாறுல சொருகிடலாம் லா" என்கிறான் இவன். எனக்கும் கணக்கு சரியாகத்தான் படுகிறது. ஆனால் உங்களைக் கேட்காமல் பெட்டியின் பின்புறத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள், அதனால் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வருஷக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, கம்பெனிக்காரன் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறான் என்று எழுதினீர்கள். கையெழுத்துப் போடப் போகிறீர்களா, வீட்டுக்கு வரப் போகிறீர்களா? பெட்டிக்குப் பதில் எழுதும்போது இதற்கும் எழுதுங்கள்.

தங்கள்
ரத்தினம்மா


புருணை
14-9-1966

அன்பு ரத்தினத்துக்கு,

மருதப்பன் எழுதுகிறேன். சுகம். இருமல் போய்விட்டது.

அழகப்பனிடம் உடனே சொல். பதினாறில் சொருகினால் பெட்டிக்குள் பல்பு மாதிரி எரிகிற வால்வு சிவந்து கெட்டுப்போகும். இரண்டு ஸ்பீக்கரையும் பக்கம் பக்கமாக இணைக்க வேண்டும். சிவப்பு முனையோடு சிவப்பு முனை, கறுப்போடு கறுப்பு. அப்படி இணைத்தால் எட்டும் எட்டும் நாலு. ஒயரை 4 என்று எழுதிய துளையில் சொருகவும். பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்று இருக்கிறது. வால்வின் பலத்தை ஸ்பீக்கர் தாங்குகிற அளவுக்கு மாற்றிக் கொடுப்பது அதுதான். வெளியே இருக்கும் ஸ்பீக்கர் என்ன அளவோ, அதற்குப் பொருந்தின துளையில் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் இரண்டு பக்கமும் கஷ்டம்.

இன்னொரு விஷயம். பாட்டுக்குப் பாட்டு பெட்டியை அணைத்து அணைத்துப் போடாதே. வால்வுக்கு ஆகாது. பழகி முடியும் வரை எரிந்துகொண்டே இருக்கட்டும்.

மற்றபடி இங்கே மழை. பம்பு மோட்டார் ஒன்று பழுது, அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

இப்படிக்கு
மருதப்பன்


சிங்கப்பூர்
25-9-1966

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் வந்தது. எட்டும் எட்டும் நாலு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் விளக்கைத் தூக்கிப் பிடித்து மறுபடியும் படித்தேன், நாலுதான். புருணை வெயிலில் ஏதும் ஆகிவிட்டதா? ஒரு வீட்டுக்கு எட்டுப் பேர், பக்கத்து வீட்டுக்கு எட்டுப் பேர் விருந்துக்கு வந்தால் நாலு இலை போட்டால் போதுமா? அழகப்பனும் தலையைச் சொறிகிறான்.

ஆனாலும் நீங்கள் சொன்னபடியே மாட்டினோம். சத்தம் தெருக்கோடி வரைக்கும் போகிறது. எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. இவர்கள் ஆரம்பித்ததும் கீழ்வீட்டு நெய்னா முகம்மது பாய் கடையை விட்டு எழுந்து, வாசலில் நாற்காலியைப் போட்டு மேலேயே பார்த்துக்கொண்டு உட்காருகிறார். ஒரு வார்த்தை சொல்வதில்லை. பெரிய மனிதர், நேராகத் திட்டக்கூடாது என்று பொறுத்துக்கொள்கிறார் போலிருக்கிறது. அவர் சம்சாரம் ரஷீதா அக்காவிடம் கேட்கலாமென்றால் அதற்கும் வெட்கம்.

தொட்டிலுக்காக உத்தரத்தில் ஒரு கொக்கி அடித்தீர்களே, அதில்தான் இப்போது அழகப்பன் ஒயரைச் சுருட்டி மாட்டுகிறான். முதல் தடவை மாட்டியபோது எனக்குச் சொரேரென்றது. பிறகு, சும்மா கிடக்கிற கொக்கிதானே என்று விட்டுவிட்டேன்.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. பம்பு மோட்டாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் சுகமாக இருக்கட்டும். நீங்கள் தீபாவளிக்கு வருகிறீர்களா? அதற்கு இல்லாவிட்டாலும் வருஷக் கடைசிக்கு வருகிறீர்களா? கையெழுத்தா, வீடா?

தங்கள்
ரத்தினம்மா


புருணை
8-10-1966

அன்பு ரத்தினத்துக்கு,

எட்டும் எட்டும் ஏன் நாலு என்று கேட்டாய். நாம் படம் பார்க்கப் போகும் கொட்டகையை நினைத்துக்கொள். படம் விட்டதும் ஒரே கதவு வழியாக எல்லோரும் வெளியே வந்தால் என்ன நெரிசல்? அதே அளவில் பக்கத்தில் இன்னொரு கதவைத் திறந்தால் நெரிசல் பாதியாகிவிடும். ஸ்பீக்கரும் மின்சாரத்துக்குக் கதவு மாதிரி. ஓம் என்பது நெரிசலின் அளவு. பக்கம் பக்கமாக இரண்டு கதவு, பாதி நெரிசல், நாலு ஓம். ஒரு கதவைத் தாண்டினதும் இன்னொரு கதவு என்று வரிசையாக வைத்தால் நெரிசல் இரண்டு மடங்கு, பதினாறு ஓம். அழகப்பன் சொன்ன கணக்கு வரிசைக்குச் சரி, பக்கத்துக்குத் தப்பு. புரிந்ததா?

கையெழுத்து விஷயம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே வேலை பழகிவிட்டது. அங்கே வந்து என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. துறைமுகப் பட்டறையில் திரும்ப எடுப்பார்களா என்றும் தெரியாது. பிறகு விவரமாக எழுதுகிறேன். தீபாவளிக்கு விடுப்பு இல்லை.

கொக்கியைக் கழற்ற வேண்டாம். இருக்கட்டும்.

இப்படிக்கு
மருதப்பன்


சிங்கப்பூர்
30-10-1966

அன்புள்ள அத்தானுக்கு,

நல்ல சேதி எதுவும் இல்லை. கீழ்வீட்டு நெய்னா முகம்மது பாய் காலமாகிவிட்டார். கடையில் கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தெரு முழுக்க வந்து நின்றது. ரஷீதா அக்கா அழுத அழுகை மேலே எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை அழகப்பன் வந்துவிட்டான். கீழே பெண்கள் உட்கார்ந்து யாசீன் ஓதுகிறார்கள். நம் வீட்டுப் பலகைத் தரைதான் உங்களுக்குத் தெரியுமே, இங்கே சீப்பு விழுந்தால் அங்கே கேட்கும். இன்றைக்குப் பெட்டியைத் தொடக்கூடாது என்று நான் சொன்னேன். ஓதி முடிந்ததும் கொஞ்ச நேரமாவது பழகிக்கொள்கிறேன், கல்யாணம் அடுத்த வாரம் என்று அவன் கெஞ்சினான். அதற்குள் பெட்டியையும் போட்டு எரியவிட்டிருந்தான். சாவு வீட்டுக்கு மேலே கிட்டார்ச் சத்தம் போனால் நாளைக்கு அந்த அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? அணைத்து அணைத்துப் போடக்கூடாது என்று நீங்கள் வேறு எழுதியிருந்தீர்கள். அதனால் அணைக்கவில்லை. பின்னால் 4-இல் இருந்த ஒயரை நானே பிடுங்கி வைத்தேன். பெட்டி பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அழகப்பன் கிட்டாரைப் பெட்டியிலிருந்து கழற்றாமல் அப்படியே வாசித்துப் பழகினான். வெறும் கம்பிச் சத்தம்தான், பக்கத்தில் உட்கார்ந்தால்கூட லேசாகத்தான் கேட்கும். ஆகா, இது நல்ல வழியாக இருக்கிறதே என்று எனக்கே என்மேல் பெருமை.

கொஞ்ச நேரத்தில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. அடுப்பில் குழம்பு என்று ஓடினேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தால் பெட்டியின் முதுகிலிருந்து புகை வருகிறது. ஓதி முடிந்த பிறகு ஒயரைச் சொருகிப் பார்த்தோம். உயிர் இல்லை. கல்யாணத்துக்கு வேறு யாரிடமோ பெட்டி இரவல் வாங்கிப் போகிறார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை அத்தான். தெருவே அதிர வாசித்தபோதெல்லாம் கல்லாக நின்ற பெட்டி இது. சத்தமே போடாமல் சும்மா இருந்தபோது எப்படிக் கருகும்? யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றுகிறது. தெரிந்தால் எழுதுங்கள்.

தங்கள்
ரத்தினம்மா


புருணை
9-11-1966

அன்பு ரத்தினத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். ஸ்பீக்கர் இல்லாமல் அந்தப் பெட்டியை எரியவிடவே கூடாது. எல்லாவற்றையும் சொன்ன நான் இதைச் சொல்லவில்லை. யாராவது அப்படிச் செய்வார்கள் என்று என் புத்திக்கு எட்டவில்லை. ஸ்பீக்கரைப் பிடுங்கினால் பெட்டிக்கு ஓய்வு என்று நீ நினைத்தாய். அது ஓய்வு இல்லை. அழகப்பன் கம்பியைத் தட்டத் தட்ட வால்வு வெளியே தள்ளிக்கொண்டேதான் இருந்திருக்கும். வெளியே சத்தமாகப் போனால் பெட்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை, எவ்வளவு போனாலும் தாங்கும். வாங்கிக்கொள்ள ஸ்பீக்கர் இல்லாதபோதுதான் தள்ளினது போக இடமில்லாமல் உள்ளேயே எகிறும். டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் பூசிய வார்னிஷ் பொசுங்கி உள்ளுக்குள் பற்றிக்கொள்ளும். வெளியில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, வாடை வந்த பிறகுதான் தெரியும்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். இப்போது மறுபடி எழுதுகிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். இந்தத் தடவை நீ கேட்கவில்லை. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் கையெழுத்தா வீடா என்று கேட்பாய். இதில் இல்லை. மறந்துவிட்டாயா, கோபமா என்று எனக்குப் புரியவில்லை. நீ கேட்டபோது பதில் எழுதத் தோன்றவில்லை, கேட்காதபோது என்னவோ போல் இருக்கிறது.

பெட்டியை வேறு யாரும் தொட வேண்டாம். சுருளை நானே சுற்ற வேண்டும், அளவெல்லாம் எனக்குத்தான் தெரியும். கையெழுத்துப் போடுவதானால் நடுவில் இரண்டு வாரம் விடுப்புத் தருவார்கள். வந்து சுற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். அது வரை அப்படியே மூடி வை. நெய்னா முகம்மது பாய் நல்ல மனிதர். ரஷீதா அக்காவிடம் என் வருத்தத்தைச் சொல்.

இப்படிக்கு
மருதப்பன்


சிங்கப்பூர்
24-11-1966

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அழகப்பனுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை அவனிடம் நீட்டிவிட்டேன், மீதியை அவன்தான் படித்தான். பெட்டிக்காக அழுகிறேன் என்று நினைத்து "விடுக்கா, வேற பெட்டி வாங்கிக்கலாம் லா" என்று தேற்றுகிறான், பாவம்.

ரஷீதா அக்கா மேலே வந்திருந்தார்கள். நான் பாயசம் கொடுத்தேன், அதைத் தொடாமல் கையில் வைத்துக்கொண்டு அந்தச் செத்த பெட்டியையே பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்.

"ஏன் தங்கச்சி, பாட்ட நிறுத்திட்டீங்க? அவருக்கு அதுன்னா உசிரு. சனிக்கிழமைன்னா சீக்கிரமே நாற்காலிய எடுத்துப் போட்டுடுவாரு."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த மனிதர் கோபத்தில் உட்கார்ந்திருக்கவில்லை அத்தான், கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு மரியாதை என்று நினைத்து நான் ஒயரைப் பிடுங்கியிருக்கிறேன். நடந்ததைச் சொன்னேன். அவர்கள் கோபப்படவில்லை. கொக்கியை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு இதைச் சொன்னார்கள்.

"உங்க புள்ள போனப்ப நாங்களும் அப்படித்தான் பண்ணிட்டோம். மேல இருந்து அழுகச் சத்தமே வரல. தனியா இருக்கணும்னு நெனக்கிறீங்க போல, போய்த் தொந்தரவு பண்ண வேணாம்னு அவரு சொன்னாரு. தட்டுல சாப்பாடு வச்சு மூடி, பாதிப் படி வரைக்கும் ஏறிட்டு எறங்கிட்டேன்."

அவர்கள் போன பிறகு நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன், தெருவில் கேட்டிருக்கும். பால் மறக்காத பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, காரியம் கிடையாது, ஊர் கூடி அழுவதும் கிடையாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நீங்கள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள், வந்து குளித்தீர்கள். மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்து இந்தப் பெட்டிக்கு ஈயம் வைத்து ஒயர் பற்றவைக்க ஆரம்பித்தீர்கள். நான் அழுதால் உங்களுக்குக் கஷ்டம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. நான் சும்மா இருந்ததால் நீங்களும் வாயைத் திறக்கவில்லை. பெட்டி முடிந்ததும் கப்பல் ஏறிவிட்டீர்கள். சத்தமே போடாத பெட்டி எப்படிக் கருகும் என்று உங்களைப் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெட்டியை ரேடியோக் கடை இப்ராஹீம் பாயிடம் கொடுத்துவிட்டேன். பழைய டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு வேறு ஒன்று போட்டுக் கொடுத்தார். நன்றாக வாசிக்கிறது. நேற்று ரஷீதா அக்கா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே சுருள் சுற்ற நீங்கள் வர வேண்டியதில்லை. இங்கே உங்களுக்குப் பழுதுபார்க்க வேலை எதுவும் கிடையாது. இரண்டு வார விடுப்பும் வேண்டாம். வந்தால் சும்மா வாருங்கள், ஒரு காரணமும் இல்லாமல். அப்படி வர முடியாதென்றால் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். நான் மறக்கவும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இனிமேலும் கேட்க மாட்டேன்.

வேறு ஒன்றுதான் கேட்க வேண்டும். பெயர் வைக்கும் முன்னாலேயே போய்விட்டாள். என்ன பெயர் நினைத்து வைத்திருந்தீர்கள்?

தங்கள்
ரத்தினம்மா


புருணை
12-12-1966

அன்பு ரத்தினத்துக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மோட்டார் என்றால் எழுதிவிடுவேன். முதலில் எழுதினதைக் கிழித்துவிட்டேன். அதில் பாதிக்கு மேல் இப்ராஹீம் பாய் போட்ட டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வாட் தாங்கும் என்ற கேள்விதான் இருந்தது. என் புத்தி அப்படிப் போகிறது, நான் என்ன செய்ய?

கையெழுத்துப் போடவில்லை. ஆபீஸில் சொல்லிவிட்டேன். ஏன் என்று துரை கேட்டான். காரணம் ஒன்றும் இல்லை என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். லாபுவானிலிருந்து கப்பல், தை பிறப்பதற்குள் வந்துவிடுவேன். வந்து என்ன வேலை பார்ப்பேன் என்று இன்னும் விளங்கவில்லை. பார்த்துக்கொள்ளலாம்.

நீ அழுதால் தாங்கமாட்டேன் என்று பயந்துதான் அன்றைக்கு நான் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். நீ அழவில்லை. அதையும் தாங்க முடியாமல்தான் இங்கே வந்தேன். இதை எழுதும்போது எனக்கே குழப்பமாக இருக்கிறது. நேரில் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

பெயர் கேட்டாய். முத்தாயி. என் அம்மா பெயர். பிறந்த அன்றைக்கே நினைத்துவிட்டேன், இரண்டொரு தடவை காதில் கூப்பிட்டும் பார்த்தேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், மாமியார் பெயரை நீ வாயால் சொல்ல மாட்டாய், பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாய், சண்டைக்கு வருவாய் என்பதுதான். சண்டை போட்டுச் சமாதானம் ஆகிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போதும் நீ சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிரு.

உன்
மருதப்பன்